மேளச் சத்தத்தில் ஒரு தலையாட்டல்

— ஐயா, காதுல சத்தம் விழுந்தா இந்தப் பட்டனை அமுக்குங்கன்னுதானே சொன்னேன். நீங்க என்னடான்னா சத்தம் வந்தப்பல்லாம் விரலைத் தூக்கிக்கிறீங்க. ஒரு தடவைகூடத் தப்பல.

— கேக்காத மனுசனுக்கு விரல் எங்க போவுதுன்னு எப்படி மேடம் தெரியும்?

— அதான் நானும் சொல்றேன். கேக்காதவருக்கு எப்பத் தூக்கணும்னு தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.

— சரி, அது போவட்டும். எழுதிக்குங்க. ஆதிமூலம், வயசு அறுபத்தாறு, ஊரு அடி அண்ணாமலை. ரெண்டு காதும் அவுட்டு. ரொம்ப வேணாம், தொண்ணூத்தொம்போது பர்சென்ட் போட்டாப் போதும்.

— ஆதிமூலம் ஐயா, இந்த மாடி ஏறி வர்றவங்க எல்லாரும், எனக்கு நல்லாத்தான் கேக்குது, ஊட்ல இருக்கறவங்க பொய் சொல்றாங்கன்னு என்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க. கேக்கலைன்னு எழுதிக் குடுங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான். சலுகை ஏதாச்சும் வாங்கணுமா? பஸ் பாஸா?

— எனக்கா பஸ் பாஸ்? தேவிப்ரியா மேடம், அதோ ஜன்னல் வழியாத் தெரியுது பாருங்க பஸ் ஸ்டாண்டு, அதுல முப்பத்தொரு வருசம் டைம் கீப்பர் நானு. நான் விசில் அடிக்காம இந்த ஊரை உட்டு ஒரு சக்கரம் உருண்டது கிடையாது. தீபத்தன்னைக்கு ஒரே ராத்திரியில மூணு லட்சம் வண்டி அனுப்பியிருக்கேன்.

— மூணு லட்சமா?

— கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.

— அப்ப எதுக்குங்க இந்தப் பேப்பர்?

— நாலு மணிக்கு என் பொண்ணு தமிழ்செல்வி வருது. கீழ்பென்னாத்தூர்ல தனியா ரூம் எடுத்து இருக்குது, பேங்க்ல வேலை. அதுக்கு ரெண்டு பேப்பர் பாக்கணுமாம். அவங்கம்மா கஸ்தூரியோடது ஒண்ணு, என்னுது ஒண்ணு. என்னுதும் கஸ்தூரியோடது மாதிரியே இருக்கணும். அவ்ளோதான் மேடம், வேற ஒண்ணும் இல்ல.

— உங்க ஊட்டம்மாவுக்குப் போன வாரம்தானே பாத்தேன். அவங்க எங்க இப்போ?

— கீழ மருந்துக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கா. மூணு படி ஏறினா முட்டி வலிக்குதாம். பொண்ணு வந்ததும் ரெண்டு பேருமா ஏறி வரட்டும்னு உட்டுட்டேன். ஒரு வார்த்தையாச்சும் பேசிக்கினு வருவாங்களான்னு பாப்போம்.

— ஏன், பேச மாட்டாங்களா?

— நாலு வருசமாச்சு. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நெத்தியில என்னமோ ஒட்டறேன்னீங்களே.

— ஒட்டறேன். ஆடாம இருங்க. பட்டன் டெஸ்டுல ஆளு ஏமாத்தலாம். இதுல முடியாது. காதுல ‘டா, டா’ன்னு ஒரே சத்தம் ஆயிரக்கணக்குல போவும். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், உங்க மூளை தானாப் பதில் சொல்லும். நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் இருக்கற இந்த ஒயர் அதைப் பிடிச்சுக்கும். முதல்ல அமைதியில. அப்புறம் அதே ‘டா’வைக் கூட்ட இரைச்சலோட சேத்து உடுவேன். கஸ்தூரி அம்மாவுக்கும் இதேதான் பண்ணினேன்.

— அதுதான் எனக்குப் புரியவே இல்ல. மூணு வருசம் முந்தி வேற ஒரு இடத்துல பாத்தாங்க மேடம். இதே மாதிரி கண்ணாடி ரூமு. நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க. நான் அதை லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். இதோ, சட்டைப் பையிலதான் இருக்குது பாருங்க.

— லேமினேட்டா? எதுக்குங்க?

— மழைத் தண்ணி பட்டாலும் சாட்சி அழியக் கூடாதுல்ல. ஏன்னா அதுக்கு முந்தி நானே ஒரு டெஸ்ட் வெச்சேன். அடுப்பங்கரையில முதுகைக் காட்டிக்கினு உக்காந்திருந்தா. வாசப்படியில நின்னுக்கினு, எறும்புக்குக்கூடக் கேக்காத மாதிரி, கஸ்தூரி, ஜிமிக்கி வாங்கித் தரட்டான்னேன். வெடுக்குனு திரும்பினா பாருங்க, கழுத்து சுளுக்கி நாப்பது நாள் எண்ணெய் தேச்சா. அதே பொம்பளை, சந்தையில நாம கூப்ட்டா திரும்ப மாட்டா. கல்யாண ஊட்ல கேட்டா சிரிச்சுக்கினே தலையை ஆட்டுவா. நான் இதை டீக்கடையில சொல்லப் போயி, அடி அண்ணாமலையே சிரிச்சுது. பேப்பரும் வந்ததா, அப்புறம் கேக்கவே வேணாம். காது கேக்குது, இவளுக்குக் கேக்கத்தான் இஷ்டம் இல்லன்னு எல்லார்கிட்டயும் எடுத்துக் காட்டிக்கினே இருந்தேன்.

— அவங்க இன்னா சொல்லுவாங்க?

— ஒண்ணும் சொல்ல மாட்டா. உள்ள போயிடுவா.

— ஐயா, அந்தப் பேப்பர் பொய் இல்ல. ஆனா அது அமைதியான ரூமுக்கு மட்டும்தான் நிஜம். அவங்க எங்க வேலை பாத்தாங்க?

— கல்யாணத்துக்கு முந்தி கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில்லுல. பதினோரு வருசம். அந்த மிஷினு ஓடினா செஞ்சியில இருக்கற கல்யாண முருங்கை பூ உதிரும்.

— அங்கதான் போயிருக்கும். நான் உங்க பாஷையில சொல்றேன். காதுல இருந்து மூளைக்கு நரம்பு போவுது, அது ஒவ்வொண்ணையும் ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. சாதா நாள்ல இந்த ஊருக்கு எத்தினி வண்டி போதும்?

— கணக்கு இருக்குது. கம்மியா இருந்தாலும் சமாளிச்சுடலாம். ரெண்டு வண்டி பிரேக் டவுனுன்னா பயணிக்குத் தெரியாமயே மாத்தி உட்ருவேன்.

— தீபத்தன்னைக்கு?

— அன்னைக்கு ரெண்டு வண்டி கொறைஞ்சாக்கூட ஜனம் நசுங்கிடும்.

— அவ்ளோதாங்க. மில்லுச் சத்தம் கஸ்தூரி அம்மாவோட வண்டியில பாதியை நிறுத்திடுச்சு. அமைதியான ரூமுல மீதி வண்டி போதும், உங்க ஜிமிக்கி போய்ச் சேந்துடும். நாலு பேர் பேசற எடத்துல, மேளம் அடிக்கிற எடத்துல, பேச்சு மூளைக்குப் போற வழியிலயே நசுங்கிடுது. அவங்க நடிக்கல. தலையாட்டறது, யாரும் சங்கடப்படக் கூடாதுன்னு ஆட்டறது.

— ம்.

— பேப்பரை ஏன் ஐயா திரும்பப் பைக்குள்ள வெக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. இதை மூணு வருசம் முந்தி யாராவது பஸ்ஸு வெச்சுச் சொல்லியிருக்கலாம்.

— கண்ணை மூடிக்குங்க. இனிமே பேசக் கூடாது. பத்து நிமிஷம்.

— பத்து நிமிஷம் பேசாமலா? அதுக்கு நீங்க தலையைத் தொறந்தே பாத்துடலாம்.

— ஐயா.

— மூடிட்டேன்.

— பத்து நிமிஷம் ஆச்சுங்க. கண்ணைத் தொறக்கலாம். ஒயரை அப்புறம் எடுக்கறேன், முதல்ல இது பதிவாகட்டும். அது வரைக்கும் சொல்லுங்க, அம்மாவும் பொண்ணும் ஏன் பேசறதில்ல?

— கல்யாணம். ஆறு வருசம் முந்தி, இதே ஊர்ல மண்டபம். நாலாயிரம் பேரு. மாப்பிள்ளை வேலூர் பக்கம், நான்தான் தேடிப் புடிச்சேன், என் கூட வேலை பாத்தவரு சொந்தம். பொண்ணை ரூமுல இருந்து மணவறைக்கு அழைச்சிக்கினு போறோம். முன்னால பொண்ணு, அது பக்கத்துல கஸ்தூரி, ஒட்டுனாப்புல பின்னால நானு. அப்ப என் பொண்ணு அவங்கம்மா பக்கம் திரும்பி, அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிச்சாம்.

— சொல்லிச்சாம்?

— அது சொல்றதைச் சொல்றேன். அதுக்குக் கஸ்தூரி சிரிச்சுக்கினே தலையை ஆட்டி, கழுத்து மாலையை நேராக்கி உட்டாளாம். பெத்தவளே இப்படிப் பண்ணிட்டா, இனி யார்கிட்ட சொல்றதுன்னு போய் உக்காந்திடுச்சு. ரெண்டே வருசம். ஒரு பையோட திரும்பி வந்துது. அந்த ரெண்டு வருசத்துல அங்க இன்னா நடந்துதுன்னு இது வரைக்கும் வாயைத் தொறக்கல. எடது கை மட்டும் முழுசா நீட்ட வராது, பாத்துக்குங்க.

— ஐயோ.

— வந்த அன்னைக்கு வாசப்படியிலயே நின்னுக்கினு கேட்டுது, அன்னைக்கே சொன்னேனேம்மா, ஏன் சிரிச்சேன்னு. கஸ்தூரி பேயறைஞ்ச மாதிரி நிக்கறா. அப்புறம் சொன்னா, மாலை குத்துதுன்னு நெனைச்சேம்மான்னு. நெனைச்சியா, நான் மாலையைப் பத்தியா சொன்னேன், ஏம்மா இப்படிப் பொய் சொல்றேன்னு பொண்ணு கத்திச்சு. அதோட சரி. அன்னைக்கே கெளம்பிப் போயிடுச்சு. அப்புறம்தான் இந்த மூணு வருசத்துக்கு முந்தின டெஸ்டு. நார்மல்னு வந்ததும் பொண்ணு ஒரு முடிவுக்கே வந்துடுச்சு, கேட்டுத்தான் சிரிச்சிருக்காங்கன்னு.

— நீங்க?

— எனக்கு ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணும். ஒரு மணி நேரம் பேசும். அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை வராது. நான் ஸ்பீக்கர்ல போட்டு வெப்பேன். கஸ்தூரி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருப்பா. மூச்சுக்கூடச் சத்தமா உட மாட்டா, பொண்ணுக்குத் தெரிஞ்சா வெச்சிடும்னு.

— அப்புறம் எப்படி என்கிட்ட வந்தீங்க?

— போன மாசப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் எங்க ஊட்டு வாசல்ல போவுது. கஸ்தூரி பால் வாங்க ரோட்டைத் தாண்டறா. பின்னால ஆம்புலன்ஸு. கூட்டமே ஒதுங்குது, இவ மட்டும் நடு ரோட்டுல நடந்துக்கினு இருக்கா. ஒரு போலீஸ்காரம்மாதான் பாஞ்சு இழுத்தது. காதைக் காட்டுங்கன்னு சொல்லிச்சு. நான் பையில இருந்து பேப்பரை எடுத்து நீட்டினேன். அந்தம்மா பேப்பரைப் பாக்கல. கஸ்தூரியைத்தான் பாத்துது.

— ம்.

— நீங்க போன வாரம் சொன்னதை அப்படியே பொண்ணுக்குப் போன்ல சொன்னேன். அம்மாவுக்கு இரைச்சல்ல கேக்காதாம்மா, மெய்யாலுமே கேக்காதாம்னு. அழுதுதுன்னு நெனைக்கிறேன். அப்புறம் ஒண்ணு கேட்டுது. அப்போ நீங்க, அப்பான்னு. நீங்களும் அங்கதானே இருந்தீங்கன்னு.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— எனக்கும் அதே கோளாறுதாம்மான்னேன். வாய்தான் நமக்கு முந்திக்குமே. சரி, நாலு மணிக்கு வர்றேன், ரெண்டு பேப்பரையும் பாக்கறேன்னுது.

— ஒண்ணு மட்டும் எனக்கு ஒட்டலைங்க ஐயா. கேக்கலைன்னா, கேக்கலைன்னுதானே கஸ்தூரி அம்மா சொல்லணும். மாலை குத்துதுங்கறது எங்க இருந்து வந்துச்சு?

— நீங்கதானே போன வாரம் சொன்னீங்க, காதுல பாதிதான் விழுந்தா மீதியை மூளை தானா இட்டு நிரப்பிக்கும்னு.

— நிரப்பும். சொன்னேன்.

— அப்ப நிரப்பியிருக்கும். அட, கீழ்பென்னாத்தூர் வண்டி உள்ள வருது. பழைய வண்டி. செகண்ட் கியர்ல மொனகுது பாருங்க, கிளட்ச் போவப் போவுது.

— எனக்கு ஆட்டோ ஹாரனும் கீழ கரும்பு மிஷினும்தான் கேக்குது.

— அதுக்கு நடுவுல ஒரு மொனகல் வருதே.

— வருதா?

— மேடம், அப்படிப் பாக்காதீங்க.

— ஒயரு இழுக்காம இப்படித் திரும்பி ஸ்கிரீனைப் பாருங்க. இது கஸ்தூரி அம்மா. அமைதியில அலை இவ்ளோ உசரம். இரைச்சல் சேந்ததும் பாருங்க, தரையோட தரையாக் கெடக்குது, வர்றதும் லேட்டு. இது உங்களுது. அமைதியில இது, இரைச்சல்ல இது. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா நூல் அளவுதான் வித்தியாசம். அந்த பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல முப்பத்தொரு வருசம் இருந்தவருக்குக் காது கெட்டுப் போயிருக்கணும். பத்து பேர்ல ஒம்போது பேருக்குக் கெட்டிருக்கும். உங்களுக்குக் கெடல. எது நமக்கு வேணும், எது வேணாம்னு பிரிச்சுப் பிரிச்சு உங்க மூளை பழகிக்கிச்சு.

— மிஷின் கோளாறா இருக்கும்.

— மிஷினுக்கு உங்க பொண்ணு யாருன்னு தெரியாதுங்க ஐயா.

— அன்னைக்கு அங்க நாப்பது தவில் மேடம். நாப்பது நாதஸ்வரம். அது பத்தாதுன்னு ஆளு உசரத்துக்கு ஸ்பீக்கர் பொட்டி, எண்ணிப் பாத்தேன், நூத்தியெட்டு.

— எத்தினி தவில்?

— நாப்பது.

— ஐயா.

— இருபதுன்னு வெச்சுக்குங்க.

— எத்தினிங்க?

— ரெண்டு. ரெண்டே ரெண்டு. ஸ்பீக்கரு ஒண்ணுதான். அதுவும் ஒரு பக்கம் வேலை செய்யல.

— உங்க பொண்ணு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— முழுசாவா?

— அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், எப்படியாச்சும் நிறுத்தும்மா. இவ்ளோ சொல்லிச்சு. நிறுத்தும்மாங்கறதைப் பொண்ணே மறந்துடுச்சு, எனக்குத்தான் மறக்கல.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். மணி அப்ப எட்டு நாப்பத்தாறு. எட்டு அம்பதுக்குத் தாலி. எங்க வேலையில ஒண்ணு உண்டு மேடம். விசில் குடுத்தாச்சுன்னா வண்டி நிக்கக் கூடாது. எவன் பின்னால கையை ஆட்டிக்கினு ஓடி வந்தாலும் சரி, புள்ளையைத் தூக்கிக்கினு வந்தாலும் சரி, அடுத்த வண்டியில வான்னுடுவோம். ஒருத்தருக்காக நிறுத்தினா பின்னால அத்தனை வண்டியும் லேட்டு. முப்பத்தொரு வருசம் அதையே பண்ணிப் பண்ணி, அன்னைக்கும் நான் மணியைத்தான் பாத்தேன். மூஞ்சியைப் பாக்கல.

— இப்ப இன்னா பண்ணப் போறீங்க?

— உங்களைத்தான் கேக்க வந்தேன். ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, அவங்கம்மா அதுக்குத் திரும்பக் கெடைச்சுடுவா, நானும் மிஞ்சுவேன். யாருக்கும் நஷ்டம் இல்ல.

— என்னால முடியாதுங்க.

— தெரியும். நீங்க மாட்டீங்கன்னு அந்தப் பட்டன்லயே தெரிஞ்சுபோச்சு.

— ஒயரை எடுத்துடறேன். கொஞ்சம் பிசின் ஒட்டிக்கும், தொடைச்சுக்குங்க.

— படியில ரெண்டு செருப்பு ஏறுது. ஒண்ணு கஸ்தூரி, முட்டியைப் புடிச்சுப் புடிச்சு வைக்குது. இன்னொண்ணு அது கூடவே நின்னு நின்னு வருது. முன்னாடி ஓடல. பாத்தீங்களா மேடம், அவங்கம்மாவுக்காக நின்னு வருது.

— ரிப்போர்ட்டை எடுத்து வெக்கட்டுங்களா?

— எடுங்க. இருக்கறதை இருக்கற மாதிரியே எடுங்க. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள மூணு பேர் நிக்கலாமா?

— நெருக்கிக்கிட்டு நிக்கலாம். எதுக்கு?

— அன்னைக்கு மேளத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கினேன். இன்னைக்கு ஒளிய எடம் இருக்கக் கூடாது. வா கஸ்தூரி. தமிழு, வாம்மா. பேப்பர் அப்புறம். முதல்ல ரெண்டு பேரும் இந்த ரூமுக்குள்ள வாங்க.

— இன்னாங்க சொல்றீங்க? ரோட்டுச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல எனக்கு.

— உள்ள வா சொல்றேன். இப்படி நில்லு. தமிழு, உங்கம்மா பக்கத்துல நில்லும்மா. கதவைச் சாத்திடுங்க மேடம்.

— நான் வெளிய இருக்கேன் ஐயா. மைக்கையும் ஆஃப் பண்ணிடறேன்.

— கஸ்தூரி, இப்பக் கேக்குதா?

— நல்லாக் கேக்குது. உங்களுக்கு மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. இன்னா ஆச்சு உங்களுக்கு, நெத்தியெல்லாம் பசை?

— அது இருக்கட்டும். தமிழு, என்னைப் பாரும்மா. எனக்கு இரைச்சல்ல நல்லாக் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு, நிறுத்தும்மான்னு நீ சொன்னது வரைக்கும். உங்கம்மாவுக்குத்தான் கேக்கல. கேக்காமத்தான், நீ தலை குனிஞ்சிருந்த நேரம் என் பக்கம் திரும்பி, இன்னா சொல்றான்னு புருவத்தைத் தூக்கினா. நான் அவ காதுல வாயை வெச்சு, மாலை குத்துதாம், நேராக்கி உடுன்னேன். அதைக் கேட்டுத்தான் சிரிச்சா. அந்த மாலைப் பேச்சை அவ மூளை நிரப்பல. நான்தான் நிரப்பினேன். நீ திரும்பி வந்து வாசல்ல நின்னப்பவும் சொல்லல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ போன்ல அப்பா அப்பான்னப்பவும் சொல்லல. கஸ்தூரி, எல்லாம் கேட்டுச்சா உனக்கு?

— கேட்டுச்சு. புதுசா ஒண்ணும் இல்ல. இவ வாசப்படியில நின்னு கேட்டாளே, அந்த நிமிசமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க மாத்திச் சொல்லிட்டீங்கன்னு. உங்க அப்பாதான் சொன்னாருன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. அதையும் சொல்லிட்டா இவளுக்கு யாரு மிச்சம்னு முழுங்கிட்டேன். அது ஒண்ணும் பெருசா வலிக்கலைங்க. அந்தப் பேப்பரை நீங்க லேமினேட் பண்ணியிருக்க வேணாம்.